அரை நூல்

மாமாவின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சின்ன வயதில் அது எனக்கு விசித்திரமாகவே தோன்றியதில்லை. பீடியை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிப்பார். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து பழைய டேபிள் சா ஒன்றை வாங்கினேன். மேசை, மேசையின் நடுவே ஒரு பிளவு, அதன் வழியே தலையை நீட்டும் வட்ட ரம்பம், ரம்பத்துக்குப் பக்கத்தில் மரத்தை ஒட்டி நகர்த்துவதற்கு ஒரு நீளமான இரும்புச் சட்டம். இங்கே அதை ஃபென்ஸ் என்பார்கள், நம்ம ஊர்ப் பட்டறைகளில் கைடு. கராஜில் இறக்கி வைத்துவிட்டு, பெருமை தாங்காமல் மாமாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். இரண்டாயிரத்துக்கு முன்பே மரவேலையை விட்டுவிட்டவர் அவர். மோட்டாரைப் பற்றிக் கேட்பார், விலையைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கைடு நேரா இருக்கா, பாத்தியா?" என்றார்.

"ஸ்கேல்ல சரியா காட்டுது மாமா."

"ஸ்கேல் முன்னாடி உள்ளதத்தாம்டே காட்டும். பின்னாடி போய்ப் பாரு. எனக்கு அன்னைக்குப் பின்னாடி அரை நூல் உள்ள சாஞ்சிருந்துச்சு."

நாற்பது வருடத்தில் அந்த விபத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

தச்சர்களின் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல், பதினாறில் ஒன்று. மில்லிமீட்டரில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். 1983-ல் செங்கோட்டைப் பக்கம் ஒரு மரமில்லில் அவர் தேக்கு ரீப்பர் அறுத்துக்கொண்டிருந்தார். அங்கே கைடு என்பது தனியாகச் செய்த கருவி இல்லை. இழைத்து நேராக்கிய ஒரு தேக்குச் சட்டத்தை, மேசையின் இரண்டு முனைகளிலும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அளவு மாறும்போதெல்லாம் கழற்றி மாட்டுவார்கள். அன்று முன்பக்கம் அளந்து வைத்தார்கள், பின்பக்கம் கண்ணால் பார்த்து இறுக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு ரீப்பர் ஒழுங்காக வந்தது. அதற்கடுத்தது வரவில்லை.

"நாந்தான் கவனிக்கல. என் கவனக்குறைவு" என்று முடித்துக்கொண்டார் மாமா. மில் முதலாளியும் அன்று அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, ஆறியதும் வேலைக்கு வரச் சொன்னாராம். மாமா போனார்.

அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. கவனக்குறைவு. அது உண்மைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இயந்திரத்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில், அரை நூல் ஏன் இரண்டு விரலைக் கேட்கிறது என்று பார்த்துவிடலாம். வட்ட ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை மரத்தை அறுத்துக்கொண்டே மேசையோடு சேர்த்து அழுத்தும். அதனால் ரம்பத்தின் முன்பக்கம் சாதுவாகத் தெரியும். பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. அறுபட்டு வெளியே வரும் மரம் அந்தப் பற்களில் உரசினால் அவை அதைத் தூக்கி, ரம்பத்தின் தலைக்கு மேலாக, தள்ளிக்கொண்டிருக்கும் ஆளை நோக்கியே எறியும். பத்து அங்குல ரம்பம் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரம் கிட்டத்தட்ட அந்த வேகத்தில் கிளம்பும். அதை அழுத்திப் பிடித்திருந்த கை, பிடிமானம் போய், ரம்பத்தின் மேலேயே விழும். ஆங்கிலத்தில் இதற்குக் கிக்பேக் என்று பெயர். மாமா சொல்வது இன்னும் சரி: "கட்டை உதைச்சிட்டு."

மரம் பின்பற்களில் உரச முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, கைடு ரம்பத்துக்கு இணையாக இல்லாமல் பின்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது. அப்போது கைடுக்கும் ரம்பத்துக்கும் நடுவே மரம் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டே போகும். இன்னொன்று, மரத்தின் சொந்தக் குணம். வளரும் காலத்தில் மரம் தனக்குள் இறுக்கத்தைச் சேர்த்து வைக்கிறது. நீளவாக்கில் அறுக்கும்போது அது விடுபட்டு, இரண்டு பாதிகளும் சில நேரம் விரியும், சில நேரம் ஒன்றையொன்று நெருங்கி ரம்பத்தைக் கவ்வும். வாள் இழுத்துக் கையால் மரம் அறுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அறுத்த வாய் மூடாமல் இருக்கப் பின்னாலேயே ஓர் ஆப்பைச் செருகிக்கொண்டு போவார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். தச்சர்கள் சாப்பிடப் போன நேரத்தில் குரங்கு அதைப் பிடுங்கியது. கதை குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறது.

இனி இங்கிலாந்துக்குப் போகவேண்டும். வட்ட ரம்பம் காகிதத்தில் முதலில் தலைகாட்டுவது அங்கேதான். 1777-ல் சவுத்தாம்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் ஒரு காப்புரிமை வாங்கினார். அதில் வட்ட ரம்பம் பேச்சோடு பேச்சாக வந்து போகிறது, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பொருள் மாதிரி. அதே ஊரில் வால்டர் டெய்லர் என்பவர் கடற்படைக்குக் கப்பி செய்து கொடுத்துவந்தார். பாய்மரக் கப்பலின் கயிறுகள் ஓடும் கப்பி. அவருடைய பட்டறையில் அந்தக் காலத்திலேயே வட்ட ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் டபிதா பாபிட் என்ற ஷேக்கர் சமயப் பெண், 1813 வாக்கில், இராட்டையைப் பார்த்து வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை. ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இங்கிலாந்தில் ரம்பம் சுழன்றுகொண்டிருந்தது.

எனக்கு வேண்டியது ரம்பம் இல்லை, கைடு. அதைத் தேடிப் போனபோது எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நின்றேன். சிறைச்சாலை.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்குப் பனாப்டிகான் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு கோபுரம், சுற்றி வட்டமாக அறைகள், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமலே எல்லோரும் பார்க்கப்படும் சிறை. ஜெரமி பெந்தமின் பெயரில் அது புகழ் பெற்றது. உண்மையில் அந்த யோசனை அவருடைய தம்பி சாமுவேல் பெந்தமுடையது. சாமுவேல் கப்பல் கட்டுமானம் படித்த பொறியாளர். 1780களில் ரஷ்யாவில், பொட்டெம்கின் பிரபுவின் கிரிச்சேவ் பண்ணையில் பட்டறைகளை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்று பெலாரூஸில் இருக்கிறது. தேர்ச்சியில்லாத கூட்டத்தை வைத்து வேலை வாங்கவேண்டிய கட்டாயம் அவருக்கு. எல்லோரையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்க வட்டமான கட்டடம் என்று அங்கேதான் யோசித்தார். தம்பியைப் பார்க்கப் போன அண்ணன் அந்த யோசனையைக் கடிதங்களாக எழுதி, 1791-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தச் சிறையில் கைதிகள் என்ன வேலை செய்வார்கள்? ஃபூக்கோவைப் படித்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. பதில் சாமுவேலிடம் இருந்தது. மரவேலை. அதற்காகவே அவர் இயந்திரங்களை வடிவமைத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அண்ணனுடைய வீடே பட்டறையானது. 1793-ல் சாமுவேல் வாங்கிய காப்புரிமை ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு நீளமானது. இழைக்கும் இயந்திரம், துளைக்கும் இயந்திரம், குடையும் இயந்திரம் என்று பிற்காலத்து மரப்பட்டறை முழுவதும் அதில் இருக்கிறது. என் கராஜில் நிற்கும் பொருளும் இருக்கிறது: மேசை, நடுவில் பிளவு, அதன் வழியே வெளியே தெரியும் ரம்பம், மரத்தை இணையாக நகர்த்த ஒரு வழிகாட்டிச் சட்டம்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். கைடு என்பது பாதுகாப்புக்காக வந்த உறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஃபென்ஸ் என்றால் வேலி அல்லவா? ஆனால் அது கையைக் காப்பதற்காக வரவில்லை. கை கற்றிருந்ததைக் கையிடமிருந்து எடுத்து இரும்பில் வைப்பதற்காக வந்தது. தச்சன் நேராக அறுப்பது அவனுடைய பத்து வருடப் பழக்கம். கைடு இருந்தால் அந்தப் பத்து வருடம் தேவையில்லை. தள்ளத் தெரிந்தால் போதும், கைதிகூடத் தள்ளலாம். அந்தச் சிறை கட்டப்படவே இல்லை. இருபது வருட இழுபறிக்குப் பிறகு, 1813-ல், அரசாங்கம் ஜெரமிக்கு 23,000 பவுண்டு இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடித்தது. சிறை நின்றுபோனது, இயந்திரம் நிற்கவில்லை.

1796-ல் சாமுவேல் கடற்படைப் பணிகளுக்குத் தலைமை ஆய்வாளரானார். அவருடைய ஆதரவில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த கப்பி ஆலை எழுந்தது. நாற்பத்தைந்து இயந்திரங்கள். 1808-ல் வருடத்துக்கு 1,30,000 கப்பிகள். முன்பு 110 தேர்ந்த ஆட்கள் செய்த வேலையைத் தேர்ச்சியில்லாத 10 பேர் செய்தார்கள். பெருமளவு உற்பத்தியின் தொடக்கம் என்று தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. கொண்டாடவேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி குறைகிறது. நூறு பேருடைய தேர்ச்சி இயந்திரத்துக்குள் போனபோது, அந்தத் தேர்ச்சிக்குள் இருந்த எச்சரிக்கையும் சேர்ந்து போனதா? கைவாளோடு இருந்த ஆப்பு எங்கே?

அது வந்தது, ஆனால் மெதுவாக, சட்டத்தின் வழியே.

இந்த இடத்தில் நம் மொழி எனக்கு ஓர் உதவி செய்கிறது. மாமாவின் மில்லில் மேசையில் இறுக்கிய மரத்துண்டும் சட்டம், அரசாங்கம் போடுவதும் சட்டம். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மேசை மேல் இருக்கும் கைடும் ஃபென்ஸ். இயந்திரத்தின் ஆபத்தான பாகத்தை மூடி வைப்பதற்கும் தொழிற்சாலைச் சட்டத்தில் ஃபென்ஸ் என்றே சொல். 1844-ல் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளின் சுழலும் தண்டுகளுக்கு வேலியிடச் சொன்னது. ஆலை முதலாளிகள் சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். விபத்து தொழிலாளியின் கவனக்குறைவால் வருகிறது என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழ் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. ஆனாலும் 1856-ல் சட்டம் தளர்த்தப்பட்டது.

வட்ட ரம்பத்துக்கென்று தனி விதி பிரிட்டனில் 1922-ல் வந்தது, மரவேலை இயந்திர விதிகள் என்ற பெயரில். அதைப் படித்தால் ஒரு நல்ல தச்சர் பக்கத்தில் நின்று சொல்வது போலிருக்கும். மேசைக்கு அடியில் ரம்பத்தின் இரண்டு பக்கமும் தகடு இருக்கவேண்டும். மேலே ரம்பத்தின் தலையை மூட, எளிதாக ஏற்றி இறக்கும்படி ஒரு காப்பு வேண்டும். கையால் தள்ளி அறுக்கும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு தள்ளுகோல் வைத்திருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, ரம்பத்துக்கு நேர் பின்னால், அதை ஒட்டி, ஓர் எஃகுத் தகடு நிற்கவேண்டும்.

அந்தத் தகடுதான் ஆப்பு. ரைவிங் நைஃப் என்பார்கள். நான் பிளவுத்தகடு என்று சொல்லிக்கொள்கிறேன். அறுபட்ட வாய்க்குள் அது நுழைந்து நிற்கும். மரம் மூட நினைத்தாலும் மூட விடாது. கைடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மரத்தைப் பின்பற்களின் மேல் போக விடாது. ரம்பத்தின் உடல் தடிமனைவிடக் கொஞ்சம் கூட, பற்கள் அறுக்கும் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் அதன் இலக்கணம். மின்சாரம் வேண்டாம், ஆயுள் முழுக்கப் பழுதாகாது.

இந்தச் சட்டம் நம் ஊருக்கும் வந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல். அதிலேயே இயந்திரங்களுக்கு வேலியிடுவது உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதை விரிவாகச் சொன்னது. அதன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கென்று அட்டவணை சேர்த்தார்கள். அந்த விதிகளில் பிளவுத்தகடு இருக்கிறது, தலைக்காப்பு இருக்கிறது, தள்ளுகோல் இருக்கிறது. ஆக, மாமாவின் விரல்கள் போன நாளில் அவற்றைக் காப்பாற்றும் வழி பல வருடங்களாக அச்சில் இருந்தது.

ஆனால் தொழிற்சாலை என்றால் எது? 1881-ல் நூறு பேர் வேலை பார்க்கும் இடம். 1891-ல் அது ஐம்பதானது, 1922-ல் இருபதானது, 1948-ல் மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் பத்து. அதற்குக் குறைந்த இடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர 85-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒவ்வொரு முறையும் எண் குறைந்து வந்ததில் பல போராட்டங்கள் இருக்கின்றன. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை மறுபடி இருபதாக்கியது.

மாமாவிடம் கேட்டேன், "மில்லுல எத்தன பேரு மாமா?"

"பதினாலு பேரு இருப்போம். பேரேட்டுல எட்டு."

"ஏன்?"

"ஏன்னு நாம எப்படிடே கேக்கது? அந்த எட்டுல நான் இருந்தனான்னே எனக்குத் தெரியாது."

1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகிறது என்ற கணக்கு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். அப்படி ஒரு கணக்கு இருப்பதே மாமாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

இத்தனை தெளிவான விதிகள் ஏட்டளவில் நின்றது நம் ஊரில் மட்டும் நடந்த கதை என்று நினைத்தால் தவறு. நான் வாங்கிய இயந்திரம் அமெரிக்காவில் செய்தது. அதில் பிளவுத்தகடு இல்லை.

அமெரிக்காவில் டேபிள் சா வேறு பாதையில் வளர்ந்தது. 1930களின் இறுதியில் டெல்டா நிறுவனத்தின் யூனிசா வந்தது. அதற்குப் பிறகு ரம்பம் ஆலையை விட்டுச் சின்னப் பட்டறைக்கும் வீட்டுக்கும் போனது. ஐரோப்பாவில் திட மரம் அறுக்கும்போது கைடை ரம்பத்தின் நடுப்பகுதியோடு முடிந்துவிடும்படி முன்னால் இழுத்து வைப்பார்கள். அறுபட்ட பிறகு மரம் விரிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதற்காக. பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டன்டார்ஃப் 1906-ல் நகரும் மேசை உள்ள ரம்பத்தைக் கொண்டுவந்தார். அதில் மரம் மேசையோடு போகிறது, கை ரம்பத்திலிருந்து தள்ளி நிற்கிறது. இன்று நம் ஊரில் பிளைவுட் அறுக்கும் பேனல் சா அதன் வாரிசு. அமெரிக்கக் கைடு மேசையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நீளும். இரண்டு முனையிலும் பூட்டவேண்டும், முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, ஒவ்வொரு முறையும். மாமாவின் தேக்குச் சட்டத்தில் இருந்த அதே கோளாறு.

அதைத் தீர்த்தவர் அரிசோனாவின் பில் பீஸ்மேயர், 1970களின் இறுதியில். அவர் செய்தது பெரிய டி-ஸ்கொயர் மட்டம்தான். முன்பக்கத்தில் கனமான சதுர இரும்புக் குழாய். அதில் உட்காரும் அகலமான தலை. தலையோடு செங்குத்தாகப் பற்றவைத்த கைடு. முன்னால் ஒரே நெம்புகோல். அழுத்தினால் கைடு தானாகவே இணையாக வந்து நிற்கும். பின்னால் போய்ப் பார்க்கவேண்டியதில்லை. உலகம் முழுக்க இன்று விற்கும் கைடுகளில் பாதி அதன் நகல் என்றே சொல்லத் தோன்றும். அவரும் பாதுகாப்புக்காக அதைச் செய்யவில்லை, வேகத்துக்காகவும் அளவுக்காகவும் செய்தார். ஆனால் சரியான அளவே பாதி பாதுகாப்பு. கைடின் வரலாற்றில் இது மட்டும்தான் எனக்கு மனநிறைவு தந்த திருப்பம்.

மீதிப் பாதி? அமெரிக்க இயந்திரங்களிலும் ரம்பத்துக்குப் பின்னால் ஒரு தகடு கொடுத்தார்கள். ஆனால் அது தலைக்காப்போடு சேர்ந்தது, ரம்பத்தோடு ஏறி இறங்காது. மரத்தில் பள்ளம் போடவேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்றவேண்டும். கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. எனக்கு விற்ற ஆசிரியர் அந்தக் காப்பை ஒரு பெட்டியில் வைத்துத் தந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. ரம்பத்தோடு ஏறி இறங்கும் உண்மையான பிளவுத்தகடு அமெரிக்கத் தரநிலையில் கட்டாயமானது 2000களின் பிற்பகுதியில்தான். பிரிட்டிஷ் விதிக்கு எண்பது வருடத்துக்கும் பின்னால். குரங்கு ஆப்பைப் பிடுங்கியது உண்மைதான். பிடுங்கினால்தான் வேலை நடக்கும் என்ற மாதிரி ஆப்பைச் செருகியது யார் என்று கதை கேட்பதில்லை.

1999-ல் ஒரேகானில் ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தன் வீட்டுப் பட்டறையில் ஒரு யோசனை கண்டார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மரம் அவ்வளவாகக் கடத்தாது. ரம்பத்தில் மெல்லிய மின்சமிக்ஞை ஒன்றை ஓடவிட்டால் விரல் பட்டதும் அது மாறும். மாறியவுடன் ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, ஆயிரத்தில் ஐந்து விநாடிக்குள் ரம்பத்தை நிறுத்திவிடும். பொதுவெளியில் சாஸேஜை வைத்துக் காட்டினார், பிறகு தன் விரலையே வைத்துக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்கவில்லை. அவரே சாஸ்டாப் என்ற நிறுவனம் தொடங்கி 2004-ல் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இதைக் கட்டாயமாக்கும்படி 2003-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் மனுவும் கொடுத்தார். அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் டேபிள் சா காயங்களோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்பது அந்த ஆணையத்தின் மதிப்பீடு.

2010-ல் பாஸ்டனில் ஒரு வழக்கு. கொலம்பியாவிலிருந்து வந்து வீடுகளுக்குத் தரைப்பலகை பதித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் கை, விலை மலிந்த ரம்பத்தில் சிக்கியது. அவர் இயந்திரத்தைப் பயன்படுத்திய விதமே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இப்படி ஒரு தொழில்நுட்பம் இருக்கும்போது அதைச் சேர்க்காமல் விற்றது வடிவமைப்பின் குறை என்று ஜூரி முடிவு செய்து, 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1850களின் ஆலை முதலாளிகளுக்கு அந்த ஜூரி சொன்ன பதில் என்று அதை நான் படித்தேன்.

ஆனால் காஸையும் நாயகனாக்கி முடிக்க முடியவில்லை. வேறொரு நிறுவனம் இதேபோன்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது காப்புரிமை வழக்கால் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகவேண்டி வந்தது. 2024-ல்தான், விதி கட்டாயமானால் ஒரு முக்கியக் காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுவிடுவதாகச் சாஸ்டாப் அறிவித்தது. விரல்களைக் காப்பாற்றும் யோசனைக்கும் ஒரு வேலி இருந்தது.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் என் ரம்பத்தைத் தொட்டேன். மாமா வீடியோவில் இருந்தார்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சுவிட்சை அணைத்தால் போதாது. மேசையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. அதுதான் மாறாத அளவு, மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே பார்க்கவேண்டும். ரம்பத்தின் ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து, முன்பக்கம் பள்ளத்திலிருந்து எவ்வளவு என்று அளந்தேன். அதே பல்லைக் கையால் சுழற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் அளந்தேன். வேறு பல் வைத்தால் பல்லின் கோணல் கணக்கைக் கெடுக்கும். இரண்டும் ஒத்துவந்த பிறகு கைடு. அதைப் பூட்டி, பள்ளத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் அளந்தேன். பின்னால் உள்ளே சாய்ந்திருந்தது. அரை நூல் இல்லை, கால் நூலுக்கும் குறைவு. தலையில் இருந்த திருகைத் தளர்த்திச் சரிசெய்து, பூட்டி, திறந்து, மறுபடி பூட்டி அளந்தேன். ஒரு முறை சரியாக இருப்பது போதாது. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அங்கேயே வந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

"பின்னாடி ஒரு காகிதத் தடிமன் வெளிய தள்ளி வைக்கலாமான்னு சொல்றாங்க மாமா."

"வெளிய இருந்தா ஒண்ணும் செய்யாது. உள்ளதான் வரக்கூடாது."

பிறகு மூலைமட்டத்தை வைத்துக் கைடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தேன். ரம்பத்தின் உயரத்தை, பல் மரத்துக்கு மேலே கொஞ்சம் தெரிகிற அளவுக்கு இறக்கினேன். உறை பிரிக்காத பெட்டியைப் பிரித்தேன். அதிலிருந்த தகட்டை ரம்பத்துக்கு நேர்கோட்டில் மாட்ட அரைமணி நேரம் ஆனது. ஒரு பழைய பலகையில் தள்ளுகோல் அறுத்துக்கொண்டேன். குறுக்கே அறுக்கும்போது இந்தக் கைடில் மரத்தை முட்டக்கூடாது, துண்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உதைக்கும். அதையும் மாமாதான் சொன்னார். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காதே, கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி நில் என்றும் சொன்னார். இதெல்லாம் அவருக்கு 1983-லும் தெரிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, நான் படித்ததையெல்லாம் சொன்னேன். 1793, 1922, 1948. பிளவுத்தகடு என்று ஒன்று இருந்தால் கைடு அரை நூல் சாய்ந்திருந்தாலும் கட்டை அப்படி உதைத்திருக்காது, அதை மாட்டவேண்டியது மில்லின் வேலை, உங்கள் வேலை இல்லை என்று சொன்னேன். கவனக்குறைவு என்ற சொல்லை இனி சொல்லாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

மாமா உடனே ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தகட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். திருப்பிக் காட்டச் சொன்னார். என்ன தடிமன் என்று கேட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார். "ஒடஞ்ச ரம்பம் அங்க கெடையாக் கெடந்துச்சே. அதுலயே வெட்டிக்கிட்டிருக்கலாம்லா."

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சுவிட்சப் போடு, சத்தத்தக் கேப்போம்" என்றார்.